அக்கா போட்ட துண்டு

அந்த அலுவலகத்தில் சேர்ந்த முதல் நாள் மத்தியானமே கம்பெனியை நான் இழுத்து மூடிவிட்டதாக நினைத்தேன்.

நடந்தது இதுதான். கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலைத் திறந்தேன். தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடி எழுப்பினேன். சேவ் கொடுத்தேன். 'முடியாது, இது பார்க்க மட்டும்' என்கிற அர்த்தத்தில் ஒரு பெட்டி எழும்பியது. திரும்பக் கொடுத்தேன். திரும்பவும் பெட்டி. எனக்குப் பயம் வருகிற வரிசை எப்போதும் ஒன்றுதான். முதலில் காது சூடாகும், பிறகு உள்ளங்கை ஈரமாகும், பிறகு மூளை செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடும். வைரஸை உள்ளே விட்டுவிட்டேன், எட்டுப் பேர் பிழைப்பு போச்சு, போலீஸ் வரும் என்பது வரை போய், வீட்டில் மனைவியிடம் எப்படி ஆரம்பிப்பது என்று முதல் வாக்கியத்தையும் தயார் செய்துவிட்டேன்.

அப்போது ஜன்னலோர மேசையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "சார், துண்டு போட்டீங்களா?"

நான் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். "இல்லீங்க, கர்ச்சீப்தான் எடுத்துட்டு வந்தேன்."

அந்த அறை சிரித்த சிரிப்பில் கீழே மாவுக்கடை கிரைண்டர் சத்தம் கேட்காமல் போயிற்று. சிரிக்காதவர் ஒருவர்தான். எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். "ஒண்ணும் ஆவல சார். மொதல்ல மூச்சு வுடுங்க," என்றார்.

அவர்தான் அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது; அலுவலகத்தில் அதை யாரும் புழங்கிப் பார்த்ததில்லை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். ஆனால் எல்லோரும் அக்கா என்றதால் எனக்கும் அக்காவாகிவிட்டார். "சார், நரைச்ச மீசைய வெச்சிகினு ஷேர் ஆட்டோல அக்கா அக்கான்னு கூப்பிடாதீங்க. பாக்கறவங்க என் வயச இன்னான்னு நெனப்பாங்க?" என்று ஒருமுறை கேட்டார். நான் அன்று ஒருநாள் 'மேடம்' என்று கூப்பிட்டேன். யாரையோ கூப்பிடுகிறேன் என்று அவர் திரும்பவே இல்லை. மறுநாளிலிருந்து பழையபடி அக்கா.

எங்கள் அலுவலகம் சிட்லபாக்கத்தில், ஏரிக்குப் போகிற தெருவில், இட்லி மாவு விற்கிற கடைக்கு மாடியில் இருந்தது. ஷேர் ஆட்டோ ஓட்டுகிற வீடியோ கேம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். தாம்பரத்தில் கிளம்பி, வழியெல்லாம் ஆளை ஏற்றி இறக்கி, மாடு, போலீஸ், பள்ளம் எல்லாவற்றையும் சமாளித்துக் கீழ்க்கட்டளை போய்ச் சேர வேண்டும். பள்ளங்களுக்கு மட்டும் யாரும் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை. அதற்கு முன் நான் வீட்டு பிளான் வரைகிற தொழிலில் பாதி ஆயுளைக் கழித்தவன். அந்த வேலை கைவிட்டுப் போன பிறகு, இந்த கேமுக்குக் கட்டடம் கட்டுகிற ஆளாக வந்து சேர்ந்தேன். கேமுக்குள் இருக்கிற ஊரில் அப்ரூவல் இல்லாமல் மாடி மேல் மாடி எழுப்பலாம் என்பது முதலில் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

துண்டு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வேலை முழுவதும் ஒரு பொது சர்வரில் இருந்தது. அதன் முழுப் பிரதி ஒவ்வொருவர் மெஷினிலும் இருக்கும். அவரவர் தன் பிரதியில் வேலை செய்துவிட்டு மேலே அனுப்ப வேண்டும். அனுப்புவதற்குப் பெயர் புஷ். எழுத்தால் ஆன ஃபைலாக இருந்தால் தொல்லை இல்லை. நீங்கள் மூன்றாவது வரியை மாற்றுங்கள், நான் முப்பதாவது வரியை மாற்றுகிறேன். மெஷினே இரண்டையும் பின்னிக் கொடுத்துவிடும்; அதற்குப் பெயர் மெர்ஜ். ஆனால் படம், ஒலி, தெரு கட்டடமெல்லாம் அடங்கிய எங்கள் தாம்பரம் மேப் போன்றவை எழுத்து இல்லை, கட்டி. மெஷினுக்கு அதன் உள்ளே பார்க்கத் தெரியாது. ஒரே கட்டியில் இரண்டு பேர் தனித்தனியாகக் கை வைத்தால், கடைசியில் ஒருவர் வேலையை வைத்துக்கொண்டு மற்றவர் வேலையைக் குப்பையில் போட வேண்டியதுதான். அதனால், தொடுகிறவர் முதலில் 'இது என் கையில்' என்று சர்வரில் பூட்டுப் போட வேண்டும். பூட்டு போடாதவருக்கு ஃபைல் பார்க்க மட்டும்தான். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடிக்கிறோமே, அதே நியாயம். அதனால் அக்கா அந்தப் பூட்டுக்குத் துண்டு என்று பெயர் வைத்திருந்தார்.

எனக்கு அவர் சொன்னது இன்னும் சுருக்கம்.

"உங்க வூட்ல சாம்பார் யாரு சார் வெக்கறாங்க?"

"என் மனைவி."

"அவங்க உப்பு போட்டுட்டு அந்தாண்ட போறாங்க. நீங்க வர்றீங்க, போடலையோன்னு நெனச்சி நீங்களும் ஒரு கை போடறீங்க. இப்ப அதுல உங்க உப்பு எது, அவங்க உப்பு எதுன்னு பிரிச்சி எடுப்பீங்களா?"

"ஐயோ, நான் சமையக்கட்டுப் பக்கமே போக மாட்டேங்க. பயம்."

"அதான் சார் துண்டு. இங்கயும் அதே மாதிரி பயந்துகினு இருங்க, போதும்."

இந்தக் கொள்கை அவருக்கு ஆபீஸ் வாசலோடு நின்றுவிடவில்லை. மாடம்பாக்கத்தில் அவர் வீட்டில் உப்புப் போட்டவர் கரண்டியை உப்பு டப்பா மூடியின் மேல் கவிழ்த்து வைக்க வேண்டும் என்று சட்டம். கரண்டி கவிழ்ந்திருந்தால் குழம்பில் யாரும் கை வைக்கக் கூடாது. மாமியார் இதை ஒப்புக்கொள்ளவில்லை. 'என் வீட்டுக் கரண்டி நிமிர்ந்துதான் இருக்கும்' என்று ஒரு வாரம் போராட்டம் நடந்ததாக அக்காவே சொன்னார். கடைசியில் யார் ஜெயித்தது என்று கேட்டேன். "அவங்க சமைக்கறத நிறுத்திட்டாங்க சார். அவங்கதான் ஜெயிச்சாங்க," என்றார்.

டீ விஷயமும் அப்படித்தான். தெருமுனைக் கடைக்கு ஒருவர்தான் குரல் கொடுக்க வேண்டும். சேர்ந்த புதிதில் இது தெரியாமல், அக்கா ஜன்னல் வழியாகச் சொன்ன பிறகு நான் படியிறங்கிப் போய் இன்னொரு தடவை சொல்லிவிட்டேன். எட்டுப் பேர் ஆபீஸுக்குப் பதினாறு டீ ஏறி வந்தது. அக்கா என்னைத் திட்டவில்லை. ஆளுக்கு இரண்டாக எடுத்து வைத்துவிட்டு, "இத மெர்ஜ் பண்ணிக் குடிங்க," என்றார்.

ஆனால் சில சமயம் பொறுக்க முடியாது. கேமுக்கு ஒலி சேர்க்கிற ஜெரால்டு என்ற பையனின் தங்கை கல்யாண வரவேற்புக்குக் கீழ்க்கட்டளையில் ஒரு மண்டபத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் ஒரு வரிசை முழுக்கக் காலி. கடைசி நாற்காலியில் மட்டும் ஒரு கர்ச்சீப் கிடந்தது. நான் உட்காரப் போனேன்.

"சார், துண்டு கீது."

"அது ஒரு நாற்காலிக்குத்தானே? மிச்சம் ஒன்பது காலியா இருக்கே?"

"எத்தன பேருக்குப் போட்டாங்களோ. கேக்காம எப்படி சார் உக்கார்றது?"

கேட்கலாம் என்றால் ஆள் இல்லை. அந்தப் பந்தி முழுவதும் நாங்கள் பாயசம் போகிற திசையைப் பார்த்துக்கொண்டு சுவரோரம் நின்றோம். பந்தி முடிகிற நேரத்தில் ஒரு பெரியவர் குனிந்து தேடிக்கொண்டே வந்து, "அட, இங்கயா விழுந்து கிடக்கு!" என்று கர்ச்சீப்பை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு போனார். அக்கா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "இப்ப உக்காருங்க," என்றார்.

அக்கா கோபமாக இருக்கிறாரா என்பதை அவர் தமிழை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 'இன்னா', 'கீது' என்று பேசுகிற வரை பயமில்லை. தமிழ் சுத்தமாக ஆரம்பித்தால் ஆபத்து. ஜெரால்டு ஒருமுறை இந்தத் துண்டுக் கெடுபிடி பிடிக்காமல், மேப் ஃபைலை வேறு பெயரில் நகல் எடுத்து அதில் தன் ஹாரன் சத்தங்களையெல்லாம் சேர்த்துவிட்டான். பெயர், 'தாம்பரம் புதுசு ஃபைனல் நிஜமான ஃபைனல்'. அக்கா அதைப் பார்த்தார். நாற்காலியைத் திருப்பினார்.

"ஜெரால்டு, இந்தக் கோப்பு எங்கிருந்து வந்தது என்று நான் தெரிந்துகொள்ளலாமா?"

ஜெரால்டு என்னைப் பார்த்தான். நான் செய்யவே இல்லை. இருந்தாலும் எனக்குக் காது சூடாகிவிட்டது. "ஸாரிங்க, இனிமே செய்ய மாட்டேன்," என்று நான் சொன்னேன். ஜெரால்டு இன்றைக்கும் அந்த உதவியை மறக்கவில்லை.

அக்காவிடம் அட்மின் அதிகாரம் இருந்தது. நினைத்தால் யாருடைய துண்டையும் உருவிப் போடலாம். ஆனால் அவர் உருவ மாட்டார். போட்டவரைக் கேட்டுத்தான் எடுப்பார். நான் ஒருமுறை மேப்புக்குத் துண்டு போட்டதை மறந்து, தங்கை மகளின் காதுகுத்துக்குத் திண்டிவனம் போய்விட்டேன். தாய்மாமன் மடியில் குழந்தை, எதிரே ஊசியோடு ஆசாரி, என் சட்டைப் பையில் போன் அடிக்கிறது.

"சார், துண்டப் போட்டுட்டு பஸ்ஸ வுட்டு எறங்கிட்டீங்க."

எனக்கு அங்கேயே வேர்த்துவிட்டது. "எடுத்துடுங்க அக்கா! எடுத்துடுங்க!" என்று கத்தினேன். ஆசாரி பயந்துபோய் ஊசியை எடுத்துவிட்டார்.

"எடுக்கறதுக்கு ஒரு நிமிஷம் ஆவாது. உங்க மெஷின்ல பாதி வேல எதுனா மேல ஏத்தாம மாட்டிக்கினு கீதா?"

"தெரியலையே!"

"தெரியலன்னா எடுக்க மாட்டேன். நான் எடுத்து வேற யாருனா அதுல வேல செஞ்சிட்டா, அப்புறம் உங்க வேலயும் அவங்க வேலயும் மோதிக்கும். நல்லா நெனச்சிப் பாத்து சொல்லுங்க."

குழந்தை அழ, தங்கை முறைக்க, ஆசாரி ஊசியைப் பிடித்தபடி நிற்க, நான் கண்ணை மூடிக்கொண்டு போன வெள்ளிக்கிழமை என்ன செய்தேன் என்று யோசித்தேன். ஒரு பேக்கரிக்குப் போர்டு மாட்டியதும், அதை மேலே அனுப்பியதும் ஞாபகம் வந்தது. "எல்லாம் ஏத்திட்டேங்க," என்றேன். "சரி, காது குத்துங்க," என்று வைத்துவிட்டார். எங்கள் முதலாளிக்கு இதில் கொஞ்சம் கடுப்பு. அவர் சின்ன வயசுக்காரர். தன்னை 'ப்ரோ' என்று கூப்பிடச் சொல்வார்; எனக்கு வாய் வராமல் முதலாளி என்றே கூப்பிட்டேன். "ஒரு க்ளிக் பண்ற விஷயத்துக்கு இவ்ளோ பஞ்சாயத்தா?" என்பார். அக்கா அடுத்த முறையும் கேட்டுத்தான் எடுப்பார்.

இப்படிப்பட்ட அக்கா, வயிற்றைத் தள்ளிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்த மாதங்களில்தான் எங்களுக்கும் கெடு நெருங்கியது. பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனிக்காரர்கள் திங்கட்கிழமை வந்து கேமை ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. பிடித்தால் எங்களை வைத்து முழு கேமும் செய்வார்கள். பிடிக்காவிட்டால் ஆபீஸை மூடுவதைத் தவிர வழியில்லை என்று முதலாளி வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். மற்றவர்கள் வேறு வேலை தேடிக்கொள்வார்கள். நரைத்த மீசையோடு பொம்மைக் கட்டடம் கட்டுகிற ஆளை யார் சேர்ப்பார்கள்? அந்த வாரம் முழுக்க என் காது ஆறவே இல்லை.

மேப்பில் ஒரே ஒரு கோளாறு பாக்கி இருந்தது. மார்க்கெட் சிக்னல் தாண்டி ஓரிடத்தில் சாலையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. ஆட்டோ அங்கே வந்தால் பயணிகளோடு பூமிக்குள் விழுந்து, அடியில்லாத வெள்ளை வெளியில் விழுந்துகொண்டே இருக்கும். அதை அடைக்கிறேன் என்று வியாழக்கிழமை அக்கா துண்டு போட்டார். நாங்கள் எல்லோரும் கிளம்பிய பிறகும் அவர் உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை அக்கா வரவில்லை. நாள் இன்னும் இருக்கும்போதே வலி எடுத்து, சேலையூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அவர் போன் அணைந்திருந்தது. மேப்பைத் திறந்தோம். ஓட்டை அப்படியே இருந்தது. அதன் மேல் அக்காவின் துண்டும் அப்படியே கிடந்தது.

"பாவம், முடிக்கல போல," என்றார் முதலாளி. "சார், நான் துண்டை எடுத்துடறேன். நீங்க உடனே ஓட்டையை அடைங்க. இன்னிக்கே முடிச்சாத்தான் ரெண்டு நாள் ஓட்டிப் பார்க்க முடியும்."

அவர் கை மவுஸின் மேல் போயிற்று. என் வாழ்க்கையில் நான் யாரையும் தடுத்தது கிடையாது. ரேஷன் கடை வரிசையில் முன்னால் புகுந்தவனுக்கு வழிவிட்டு, பையையும் பிடித்துக்கொண்டவன் நான். ஆனால் அப்போது வாய் தானாகத் திறந்துவிட்டது.

"வேணாம் முதலாளி. கேட்டுட்டு எடுப்போம்."

"யாரைக் கேட்பீங்க? லேபர் வார்டுலயா?"

"அவங்க செஞ்சு முடிச்சு மெஷின்ல வெச்சிருந்தா? பாஸ்வேர்டு தெரியாம நாம அதத் திறந்து பாக்கவும் முடியாது. நான் பழைய மேப்ல வேல செஞ்சு அனுப்பிட்டா ரெண்டும் மோதிக்குமே. எது சரின்னு யாருக்குத் தெரியும்?"

ஜெரால்டு சிரித்தான். "பிரசவம் நடக்கிற இடத்துல போய் ஃபைல் கேட்கப் போறீங்களா? கையில ஊசி போட்டு உங்களையும் பக்கத்துப் பெட்ல படுக்க வெச்சிடுவாங்க சார்."

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். "மத்தியானம் வரைக்கும் டைம். அதுக்கு மேல நான் எடுத்துடுவேன்."

கேம்ப் ரோடு நெரிசலில் என் ஸ்கூட்டர் ஊர்ந்தது. வழியெல்லாம், அக்காவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன, எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன, இரண்டும் ஆகாமல் முதலாளி அவசரப்பட்டுவிட்டால் என்ன என்று மூன்று பயங்களை மாற்றி மாற்றிப் பட்டுக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்கு வெளியே நீளமான தாழ்வாரம். அங்கே ஒரு சிஸ்டர் மறித்தார்.

"யாருக்கு சார் வந்திருக்கீங்க?"

"அக்காவுக்கு."

என் மீசையைப் பார்த்தார். "என்ன விஷயம்?"

பயத்தில் விஷயத்தின் நடுவிலிருந்து ஆரம்பித்துவிட்டேன். "துண்டு விஷயமா வந்தேங்க."

"அப்பாடா! காலையிலேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்கேன், ஒருத்தரும் கொண்டாரல. குடுங்க."

"என்கிட்ட இல்லீங்க. அவங்கதான் போட்டிருக்காங்க. அவங்களே எடுத்தாத்தான்..."

"பிள்ளையத் துடைக்கிற துண்ட அவங்களே எந்திரிச்சி எடுத்தாரணுமா? என்ன குடும்பம் சார் உங்க குடும்பம்!"

எதிர்க்கடைக்கு ஓடிப்போய் ஒரு வெள்ளைத் துண்டு வாங்கி வந்து கொடுத்தேன். அதற்குள் அக்காவின் கணவர் என்னைப் பார்த்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். பரேடு மைதானத்தையே அதட்டுகிற ஆள், கழுத்து விசிலைக் கழற்றக்கூட மறந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைவிடப் பயந்த ஒரு ஆளைப் பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. விஷயத்தைச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

"கேட்டுடறதுதான் நல்லது சார்," என்றார் மெதுவாக. "கேட்காம எடுத்தீங்கன்னா, வீட்டுக்கு வந்தப்புறம் நான்தான் பதில் சொல்லணும்." சிஸ்டரிடம் போய்க் கெஞ்சினார். "ஆபீஸ் சார் வந்திருக்கார், துண்டை எடுக்கலாமான்னு கேட்கறார்னு மட்டும் சொல்லுங்க சிஸ்டர். அவளுக்குப் புரியும்."

"துண்டுதான் வந்துடுச்சே!"

"அது வேற துண்டு சிஸ்டர்."

சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். கதவு முழுதாகச் சாத்தவில்லை. உள்ளேயிருந்து டாக்டரம்மா குரல் கேட்டது. "புஷ் பண்ணும்மா! நல்லா புஷ் பண்ணு!"

அதற்கு அக்காவின் குரல், தாழ்வாரமே அதிர. "பண்ணல டாக்டர்! நேத்து சாயங்காலம் கால்வாய் தோண்டறவங்க கேபிள வெட்டிட்டாங்க, நெட்டு இல்ல! முட்ச்சிட்டேன், ஆனா புஷ் பண்ணல! மெஷின்லயே கீது!"

டாக்டரம்மா, "என்னம்மா சொல்றே? நீ இப்ப பண்ணும்மா!"

"மொதல்ல அவங்கள பண்ணச் சொல்லுங்க!"

தாழ்வாரத்தில் காத்திருந்த குடும்பங்கள் எல்லாம் எங்கள் பக்கம் திரும்பின. எனக்கோ உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அக்கா ஓட்டையை அடைத்துவிட்டார். அது ஜன்னலோர மேசையில், அவர் மெஷினுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் துண்டை உருவியிருந்தால், நான் அரைகுறையாக அடைத்த ஓட்டையும் அவர் அடைத்த ஓட்டையும் மோதிக்கொண்டு நின்றிருக்கும்.

கதவு திறந்தது. சிஸ்டர் தலையை நீட்டினார். "பயந்தாங்கொள்ளி சார்!"

நான் கையைத் தூக்கினேன். ஒரு நொடி கூட யோசிக்கவில்லை.

"உங்களக் கூப்பிடல சார். அதுதான் அவங்க மெஷின் பாஸ்வேர்டாம். இங்கிலீஷ்ல, எல்லாம் சின்ன எழுத்து, நடுவுல இடைவெளி கிடையாதாம். அப்புறம், ஏத்தின பிறகுதான் துண்ட எடுக்கணுமாம்." கதவைச் சாத்தப் போனவர், உயர்த்திய என் கையைப் பார்த்தார். "இறக்கிக்குங்க சார்," என்றார்.

ஆபீஸுக்குப் போன் போட்டேன். முதலாளி ஸ்பீக்கரில் போட்டார். ஜெரால்டு அக்கா மெஷின் முன்னால் உட்கார்ந்தான். மத்தியானம் ஆக இன்னும் கொஞ்ச நேரம்தான்.

"எழுத்து எழுத்தா சொல்லுங்க சார்."

"பி, ஏ, ஒய், ஏ..."

"ம்."

"என், டி, எச், ஏ, என்..."

"பயந்தான்... சார், இது நீங்கதானே?"

"டைப் பண்ணுடா."

"கொள்ளிக்கு எல் ஒண்ணா ரெண்டா?"

"ரெண்டு." பக்கத்தில் ஒரு மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"கடைசியில 'சார்' உண்டா?"

"உண்டு."

"பரவால்ல, மரியாதை குறையல," என்றார் முதலாளி.

மெஷின் திறந்தது. அக்கா முடித்து வைத்த மேப் உள்ளே இருந்தது. ஜெரால்டு புஷ் கொடுத்தான். பெரிய கட்டி, மெதுவாக ஏறியது. அவன் சொல்லச் சொல்ல நான் உரக்கத் திருப்பிச் சொன்னேன், பி.டி. மாஸ்டர் கதவருகே போய் உள்ளே சொன்னார். "கால்வாசி ஏறிடுச்சாம்!" "பாதி வந்துடுச்சாம்!" எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் என்னைத் தொட்டு, "தலை தெரிஞ்சுடுச்சா தம்பி?" என்று கேட்டார். "இன்னும் கொஞ்சம் இருக்குங்க," என்றேன். பொய் ஒன்றும் இல்லை.

"ஏறிடுச்சு சார்!" என்று ஜெரால்டு கத்தினான். நானும் கத்தினேன். மாஸ்டர் கத்தினார். பழக்க தோஷத்தில் விசிலையும் ஊதிவிட்டார். செக்யூரிட்டி வந்து எங்கள் இருவரையும் படிக்கட்டுக்கு அனுப்பினார். பெண் குழந்தை என்கிற செய்தி எங்களுக்குப் படிக்கட்டில்தான் வந்து சேர்ந்தது. சேர்ந்து வந்த இன்னொரு தகவல்: 'இப்ப எட்த்துக்கலாம்.'

திங்கட்கிழமை பெங்களூர்க்காரர்களில் ஒருவர் ஆட்டோவை ஓட்டினார். மார்க்கெட் சிக்னல் தாண்டி அந்த இடம் வந்தபோது நான் கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டேன். வெளியே கைதட்டல் கேட்ட பிறகும், வேறு எதற்காவது தட்டுகிறார்களோ என்று கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தேன். கேமை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இன்றுவரை நான் அந்த வேலையில்தான் இருக்கிறேன்.

அக்கா திரும்பி வரவில்லை. மாஸ்டருக்குக் கோயம்புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அக்கா அங்கே வீட்டிலிருந்தபடியே வேறு ஒரு கம்பெனிக்கு வேலை செய்கிறார். போன வருஷம் போனில் பேசியபோது, அந்தப் பாஸ்வேர்டைப் பற்றிக் கேட்கிற தைரியம் எப்படியோ வந்தது.

"கோவமா சார்?"

"இல்லீங்க. சும்மா தெரிஞ்சிக்கத்தான்."

"தைரியசாலின்னா அன்னிக்கு உருவிட்டுப் போயிருப்பான். பயந்தவங்கதான் சார் வந்து கேப்பாங்க," என்றார். பின்னால் குழந்தை எதையோ உருட்டியது. "இருங்க, உப்பு டப்பா," என்று வைத்துவிட்டார்.

அவருடைய மெஷின் இப்போது என்னிடம் இருக்கிறது. ஒரு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துக்கே தெரிந்த பாஸ்வேர்டை இன்னும் மாற்றாமல் வைத்திருக்கிறீர்களே என்று முதலாளி மாதம் ஒருமுறை கேட்கிறார். மாற்றுகிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். தினமும் காலையில் உட்கார்ந்து என் பட்டத்தை நானே எழுத்து எழுத்தாகத் தட்டித்தான் உள்ளே போகிறேன். முதல் தடவை எப்போதும் தப்பாகத்தான் விழுகிறது. பின்னால் யாராவது நின்று பார்க்கிறார்களோ என்று ஒரு பயம்.